பெர்னதெத்துக்கு விழாத மாலை

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போக மெட்ரோவில் ஏறி உட்கார்ந்த கையோடு தவராசா அண்ணையின் அழைப்பு வந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் அவர். அந்த நேரத்தில் அவர் அழைத்தால் ஒன்று மண்டபத்துத் திறப்பு தொலைந்திருக்கும், இல்லாவிட்டால் யாராவது கண்ணை மூடியிருப்பார்கள்.

“பிள்ளை, செய்தி கேட்டனியோ? மதாம் பெர்னதெத் மோசம் போட்டாவாம். வானொலியில சொன்னவங்களாம். மகன்தான் கேட்டுட்டுச் சொன்னவன்.”

சுவிஸின் இந்த லோசான் நகர மெட்ரோ ஏரிக்கரையில் தொடங்கி மேட்டில் ஏறிக்கொண்டே போகும். நான் இறங்கவேண்டிய நிலையம் வந்தது, கதவு திறந்தது, மூடியது. நான் எழும்பவில்லை. புற்றுநோய் என்று தெரியும், இனி அதிக நாள் இல்லை என்றும் தெரியும். கடைசி நிலையம்வரை போய், அதே வண்டியில் திரும்பி வந்தேன்.

வேலையிடத்துக்குப் போய்ச் சேருமுன்னரே சங்கத்தின் கண்ணீர் அஞ்சலி வட்சப்பில் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தாமரை, நடுவில் பெர்னதெத்தின் சிரித்த முகம். ‘எமது சமூகத்தின் உற்ற தோழி’ என்று பெரிய எழுத்து. எல்லா அஞ்சலிப் படத்துக்கும் செய்வதுபோல யாரோ கணினியில் அவருடைய கழுத்தைச் சுற்றி ஒரு ரோசா மாலையையும் ஒட்டியிருந்தார்கள். அந்த மாலையைக் கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஏன் என்று எங்கள் மண்டபத்தில் அன்று இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த அஞ்சலியை எழுதித் தரச்சொல்லிக் கேட்டதும் தவராசா அண்ணைதான். “நல்லதா நாலு சொல்லு எழுது பிள்ளை. உனக்குத்தானே அவவைக் கனகாலமாத் தெரியும்” என்றார். நல்லதாக எழுத என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் அவ்வளவும் அவரைப் பற்றியது. எங்களைப் பற்றி எழுதும்போது அந்த நல்ல சொல்லுக்கு நான் எங்கே போவது?

பெர்னதெத் இளம் வயதில் கின்ஷாசாவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர். பராமரிப்பு உதவியாளராக வேலை செய்தார். தொழிற்சங்கத்துக்குப் போனார், பிறகு நகரசபைக்கு, பிறகு நகரத்தின் நிர்வாகக் குழுவுக்கு. கடைசியில் மாநில அரசுக்கே தெரிவானார். எங்கள் மாநிலத்தை ஆளும் அந்த மேசையில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். அவர் என்னோடு பேசியது பிரெஞ்சில். இங்கே என் தமிழில் தருகிறேன். அந்தக் குரலைத் தர என்னால் முடியாது. அறைக்கு வெளியே நின்றாலும் கேட்கும் குரல் அது.

நானும் அவரும் லோசானுக்கு மேலே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். ஒரே உடைமாற்றும் அறை, ஒரே நேரமுறை, ஒரே முதுகுவலி. அங்கே ஒரு கிழவர் இருந்தார். பண்ணை வைத்திருந்தவர், இரண்டு கையும் நடுங்கும். ஒரு காலை அவரைக் குளிப்பாட்டப் போன பெர்னதெத்தைப் பார்த்து, “கறுப்பி வேண்டாம், மற்றவள் வரட்டும்” என்று கத்தினார். பொறுப்பாளர் வந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார், என்னை உள்ளே அனுப்பினார். அந்த மற்றவள் நான்.

என்ன சொல்ல, எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் நின்ற காலம். இந்த நாட்டில் அதுவரை யாரும் என்னை எதற்கும் விரும்பிக் கூப்பிட்டதில்லை. ஒரு கிழவர் என் நிறம் பரவாயில்லை என்கிறார்! அன்று அவருக்கு நான் வழக்கத்தைவிட நன்றாக முதுகு தேய்த்துவிட்டேன். தேநீர் நேரத்தில் பெர்னதெத் கோப்பிக் கோப்பையை உயர்த்தி, “வாழ்த்துகள், மதாம். முதல் சுற்றிலேயே வென்றுவிட்டாய்” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து அவருக்கு நான் ‘என் போட்டியாளர்’. எங்கே கண்டாலும், மந்திரியான பிறகும், நாலு பேருக்கு முன்னால், “இதோ என் போட்டியாளர், என்னை முதலில் தோற்கடித்தவள்” என்றுதான் அறிமுகப்படுத்துவார். அந்தக் கிழவருக்கும் அவர் ஒவ்வொரு காலையும் உரத்து வணக்கம் சொன்னார். கிழவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவர் இறந்த அன்று நான் அழுதேன், பெர்னதெத் அழவில்லை. “எனக்கு நடிக்க வராது” என்று சொல்லிவிட்டுப் படுக்கை விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

தேர்தலில் இறங்கிய காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்குவார். ஒரு வீட்டில் கதவைத் திறந்த பெண், “துப்புரவுக்கு உன்னை வெள்ளிக்கிழமை அல்லவா வரச்சொன்னேன்?” என்று கேட்டாளாம். “வெள்ளிக்கிழமை பார்ப்போம். அதற்கு முன்னால் இதை வாசியுங்கள்” என்று தன் படம் போட்ட துண்டுப்பிரசுரத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தாராம். இதைச் சொல்லி அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். கேட்கும் எங்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

இந்த நாட்டு வாக்குமுறையில் ஒரு விசயம் உண்டு. கட்சி அச்சடித்து அனுப்பும் பட்டியலை அப்படியே உறையில் போட்டு அனுப்பலாம். பிடிக்காத பெயர் அதில் இருந்தால் அதன்மேல் பேனையால் கோடு போட்டு வெட்டியும் அனுப்பலாம். கட்சிக்கு வாக்குப் போடுகிறவரே அந்தக் கட்சியின் ஒரு ஆளை மட்டும் இப்படி வெட்டலாம். வீட்டிலே, சாப்பாட்டு மேசையிலே, யாரும் பார்க்காமல். பெர்னதெத்தின் பெயர் எப்போதும் அப்படி வெட்டுப்படும். ஒரே பட்டியலில் நின்ற வெள்ளைக்காரர் எல்லோரும் மேலே இருப்பார்கள், இவர் கீழே இருப்பார். முதல் சுற்றில் பாதி வாக்கு எட்டாமல், எப்போதும் இரண்டாம் சுற்றுவரை போய்த்தான் தேறுவார். “என்னை வெளிப்படையாகத் திட்டுகிறவன் நல்லவன்” என்பார். “அவன் முகமாவது எனக்குத் தெரியும். கோடு போடுகிறவர்கள் சந்தையில் என்னைக் கண்டால் கை கொடுக்கிறார்கள்.”

இனி அந்த மாலைக்கு வருகிறேன்.

பெர்னதெத் நகர நிர்வாகத்தில் பள்ளிகளுக்குப் பொறுப்பாக இருந்தபோது நடந்தது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பறை தந்தது நகரம். அதனால் ஆண்டு விழாவுக்கு அவரைப் பிரதம விருந்தினராக அழைக்க முடிவானது. என்னோடு வேலை செய்த தோழி என்று நான் பெருமையாகச் சொன்னேன். கறுப்பினத்தவர் என்று சொல்லவில்லை. சொன்னால் வேறு யாரையாவது பார்ப்போம் என்பார்களோ என்ற பயம். எங்கள் வீடுகளில் அவர்களைக் குறிக்க ஒரு சொல் புழங்குகிறது. சோறு, கறி என்பதுபோலச் சாதாரணமாகப் பிள்ளைகளுக்கு முன்னாலும் சொல்லுவோம். அதை நான் இங்கே எழுதமாட்டேன். வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். அவர் திருமணத்தால் பெற்ற குடும்பப் பெயரோ சுத்தமான சுவிஸ் பெயர். தவராசா அண்ணை பிரெஞ்சுப் பத்திரிகை வாசிப்பவரும் அல்லர்.

வாசலில் நிறைகுடம் வைத்தோம். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். தவராசா அண்ணை பட்டு வேட்டியோடு, சூரிச்சிலிருந்து வரவழைத்த ரோசாவும் மல்லிகையும் கலந்த மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான், பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வைத்த தட்டோடு. வெளியே மழை. கார் வந்து நின்றது. நீலக் கோட்டோடு பெர்னதெத் முன்னால் வந்தார். அவருடைய செயலாளர், உயரமான வெள்ளைக்காரர், நரைத்த தலை, கழுத்தில் டை, குடையை மடக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

தவராசா அண்ணை பெர்னதெத்தைப் பார்த்து மரியாதையாக, “பர்தோன், மதாம்” என்றார். அதாவது, கொஞ்சம் விலகுங்கள், அம்மா. அவர் விலகினார். அண்ணை அவரைக் கடந்து போய், எக்கி நின்று, அந்தச் செயலாளரின் கழுத்தில் மாலையைப் போட்டார். வருவது ஒரு பெண் என்று தெரிந்திருந்தும் மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. பொன்னாடையோடு காத்திருந்தவர் ஓடிவந்து அதையும் அவர் தோளிலேயே போர்த்தினார். அந்த மனிதர் முகம் சிவந்து, “நான் இல்லை, நான் இல்லை, இவர்” என்று பிரெஞ்சில் கத்துகிறார். நாதஸ்வரத்தில் யாருக்குக் கேட்கும்?

நான் தட்டோடு நின்றேன். “பெர்னதெத்!” என்று ஒரு சொல் கூப்பிட்டிருக்கலாம். சபைக்கு நடுவில் தலைவருடைய பிழையைக் காட்டக்கூடாது என்று வளர்ந்த வளர்ப்பு என் வாயைக் கட்டிப்போட்டது. விருந்தாளி அவமானப்படலாம், தலைவர் படக்கூடாது. இப்படி ஒரு வளர்ப்பு!

விசயம் விளங்கியபோது அண்ணையின் முகத்தில் ஈயாடவில்லை. மூலையில் குசுகுசு என்று ஒரு கூட்டம் நடந்தது. இன்னொரு மாலை இல்லை. செயலாளர் தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி பெர்னதெத்திடம் நீட்டினார். அப்போதுதான் தவராசா அண்ணை பதறிப்போய்ச் சொன்னார்: “ஐயோ, ஒராள் போட்டுக் கழட்டின மாலையை மற்ற ஆளுக்குப் போடக்கூடாது. அது மரியாதை இல்லை.”

மரியாதை இல்லையாம்!

“என்ன சொல்கிறார்?” என்று பெர்னதெத் என்னிடம் கேட்டார். உள்ளதைச் சொன்னேன், பொய் சொல்லக்கூட அப்போது மூளை ஓடவில்லை. அவர் மாலையைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, அடுத்த முறை” என்றார். “எனக்கு இரண்டாம் சுற்று பழக்கம்தானே.” பிறகு நான் நீட்டாமலே தட்டிலிருந்த சந்தனத்தை ஒரு விரலால் தொட்டுத் தானே நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து, “என் செயலாளருக்கு நீங்கள் தந்த வரவேற்புக்கு நன்றி. இத்தனை வருடம் உழைத்திருக்கிறார், பாவம், ஒருவரும் அவருக்கு ஒரு பூக்கூடக் கொடுத்ததில்லை” என்றார். நான் தமிழில் சொன்னேன். அப்பாடா என்று மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டால் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். பிறகு ஆண்டு மலரில் வந்த படத்திலும் மாலையும் பொன்னாடையுமாக நடுவில் நிற்பவர் செயலாளர்தான். ஓரத்தில் ஒரு நீலக் கோட்டின் தோள் தெரிகிறது. அந்த மலர் உங்கள் வீடுகளில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

அந்த அடுத்த முறை வந்ததா? வரவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு அவரை அழைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். “எந்த முகத்தோட கூப்பிடுறது பிள்ளை?” என்றார்கள். அதற்கடுத்த ஆண்டும் அதே பதில். வெட்கப்பட்டவர்கள் திருந்துவார்கள் என்றுதான் நான் நம்பியிருந்தேன். நாங்கள் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டோம். வேறு கட்சி, வேறு ஆள், வெள்ளை ஆள் என்று பார்த்து அழைத்தோம். வகுப்பறைகளை மட்டும் ஒரு தடையும் இல்லாமல் பெற்றுக்கொண்டே இருந்தோம்.

பிறகு அவர் மாநில அரசுக்குப் போட்டியிட்டார். எங்களில் கனபேர் அதற்குள் குடியுரிமை எடுத்துவிட்டோம். வாக்குத்தாள் வந்தால் மண்டபத்தில் கூடி விளக்கம் கேட்பது எங்கள் வழக்கம். பிரெஞ்சு தெரிந்தவள் என்று விளக்கம் சொல்வது நான். அன்றும் எல்லோரும் தங்கள் தங்கள் உறையோடு வந்திருந்தார்கள். பட்டியலைக் காட்டி, இப்படி அப்படியே அனுப்பலாம், இப்படி வெட்டலாம் என்று விளங்கப்படுத்திவிட்டு, “பெர்னதெத்தை எல்லாருக்கும் தெரியும்தானே, எங்கட பள்ளிக்கூடத்துக்கு உதவி செய்தவ, அவவை வெட்டிப்போடாதேங்கோ” என்றேன்.

சிலர் பட்டியலை விரித்து அவருடைய பெயரைத் தேடினார்கள். பிறகு தவராசா அண்ணை தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, யோசிச்சுக் கதை. அண்டைக்கு நாங்கள் அவவுக்குச் செய்ததை அவ மறந்திருப்பாவோ? இப்ப நகரத்தில இருக்கிறா, ஒண்டும் செய்யேல்லை. மாநிலத்துக்கு வந்தா முதல் வேலையா எங்கட வகுப்பறையைப் பறிச்சுப்போடுவா.”

“அவ அப்பிடிப்பட்ட ஆள் இல்லை அண்ணை.”

“ஆர் சொன்னது? நானெண்டா மறக்கமாட்டன்.”

பின்வரிசையிலிருந்து இன்னொருவர், “அதுகள் வந்தா தங்கட ஆக்களைத்தான் பாக்குங்கள்” என்றார். அதுகள்! நான் சண்டை பிடித்தேன். நாங்களும் இந்த நாட்டில் அதுகள்தான் என்று கத்தினேன். “உனக்கு அவ சிநேகிதி, நீ அப்பிடித்தான் கதைப்பாய்” என்று என்னை அடக்கினார்கள். பிறகு பேனைகள் வெளியே வந்தன. யாரும் யாருடைய கையையும் பிடிக்கவில்லை, அவரவர் பேனை, அவரவர் தாள். தாளின்மேல் பேனை இழுபடும் சத்தம் அவ்வளவு பேர் சேர்ந்தால் கேட்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் அவருக்குப் பிழை செய்தோம். செய்த பிழைக்காக அவரைப் பார்த்துப் பயந்தோம். பயந்ததற்காக அவரையே வெட்டினோம். எங்கள் சாமர்த்தியத்தை என்னவென்பது!

முதல் சுற்றில் அவர் தன் பட்டியலிலேயே கடைசியாக வந்தார். இரண்டாம் சுற்றில் மயிரிழையில் வென்றார். அன்று பின்னேரம் எங்கள் வட்சப் குழுவில் ஒரே பட்டாசுப் படங்கள். ‘எங்கள் பெர்னதெத்’ என்று ஒருவர் எழுதினார். அவருக்கு வாக்களித்ததாக அடித்துச் சொல்லாத ஒரு ஆளை நான் இன்றுவரை சந்திக்கவில்லை. அப்படியானால் அந்தக் கோடுகளைப் போட்டது பேயா? வகுப்பறைகள் அப்படியே இருந்தன. இப்போதும் இருக்கின்றன.

கடைசியாக அவரை நான் பார்த்தது மருத்துவமனையில். சன்னலுக்கு வெளியே ஏரி, கட்டிலில் பாதியாகிப்போன பெர்னதெத். உடம்பு துடைத்துவிட ஒரு இளம்பெண் தண்ணீரோடு வந்தாள். “வேண்டாம், மற்றவள் செய்யட்டும்” என்றார் பெர்னதெத், என்னைக் கையால் காட்டி. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதுகைத் துடைத்துவிட்டேன். அந்தக் கிழவருக்குத் தேய்த்ததைவிட மெதுவாக. “பார், என் போட்டியாளரே, இந்த முறை நானே உன்னைத் தெரிவு செய்கிறேன்” என்றார். அவர் முகம் மற்றப் பக்கம் இருந்தது, நல்லவேளை, என் கண்ணை அவர் பார்க்கவில்லை.

பிறகு தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

“உங்கள் மண்டபம் இருக்கிற ஊரில் என் பெயரை எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள், தெரியுமா?”

நான் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

“ஊர் ஊராக முடிவுகளை வெளியிடுவார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஊரில் எங்கள் பட்டியலுக்கு வாக்குப் போடுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாதா? உன் ஆட்களும் அசல் சுவிஸ்காரராகிவிட்டார்கள். என் வாழ்த்தைச் சொல்லு.”

சிரிக்கத் தொடங்கினார், இருமல் வந்தது. இருமல் அடங்கியபிறகு சிரிப்பு இல்லை. “வெள்ளைக்காரன் கோடு போட்டால் எனக்கு நோவதில்லை. பழகிவிட்டது” என்றார். “உன் ஊர் முடிவைப் பார்த்த அன்று நொந்தது.”

அந்த ஒரு சொல்லோடு நான் வெளியே போயிருக்கவேண்டும். கேட்காமல் இருக்க முடியாமல், அந்த மாலை என்ன ஆனது என்று கேட்டேன்.

“செயலாளர் காரில் அதை எனக்குத் தந்தார். நான் வாங்கவில்லை.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “கழற்றின மாலையைப் போடக்கூடாதே. உங்கள் மரியாதையை நான் கெடுக்கலாமா?” கொஞ்சம் பொறுத்து, “ஆனால் நல்ல மணம், வழி முழுக்க வந்தது” என்றார்.

நேற்று மாலை தவராசா அண்ணை மறுபடி அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம். சூரிச்சில் பெரிய மாலைக்குச் சொல்லிவிட்டாராம், படத்துக்குப் போட.

“படத்துக்கு வேண்டாம் அண்ணை” என்றேன்.

“என்ன பிள்ளை விசர்க் கதை கதைக்கிறாய்? மாலை இல்லாமல் அஞ்சலியோ?”

“உயிரோட இருக்கேக்க போடாத மாலை. படம் வேண்டாமெண்டு சொல்லாது. அதாலதான் எங்களுக்கு இப்ப போடச் சுகமா இருக்கு.”

கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் அழுது நான் கேட்டதில்லை.

“அண்டைக்கு அவ முன்னுக்குத்தான் வந்தவ பிள்ளை. நான் பாத்தனான். வாறது பொம்பிளை எண்டும் தெரியும். ஆனா அந்த மனிசனைக் கண்டவுடன கை தன்ர பாட்டில அங்க போட்டுது. நான் ஒண்டும் யோசிக்கேல்லை. கை தன்ர பாட்டில போட்டுது.”

அவரை நான் திட்டவில்லை. ‘மற்றவள்’ என்றதும் குளிர்ந்துபோன என் மனமும் தன்பாட்டில் போனதுதான். நீங்கள் வாக்குத்தாளில் இழுத்த பேனையும் அப்படித்தான் போயிருக்கும். இது அவர் ஒருவருடைய கை இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

“அப்ப அந்த மாலையை என்ன செய்யிறது?” என்று கடைசியில் கேட்டார்.

“வாசலில கட்டுவம் அண்ணை. ‘பர்தோன்’ எண்டு நீங்கள் விலத்திவிட்ட இடத்தில.”

“ஓம்” என்றார்.

பிறகு பெர்னதெத்தின் மகள் கிராஸை அழைத்து, ஞாயிற்றுக்கிழமை வரமுடியுமா என்று கேட்டேன். வருகிறேன், கணவரும் வருவார் என்றாள். கணவர் வெள்ளைக்காரர். பிறகு தாயின் அதே குரலில் கேட்டாள்:

“வாசலில் என்னை யாரென்று யாருக்காவது தெரியுமா?”

அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். எங்களிடம் சிரித்துவிட்டுப் போய், வீட்டில் மகளிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தத் தொலைபேசியோடு அப்படியே நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“நான் நிற்பேன்” என்றேன்.

பெர்னதெத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சொல்தான்: அடுத்த முறை. அவர் அதை எங்களை மன்னித்துச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை நான்தான் வாசலில் முன்னுக்கு நிற்பேன். கையில் தட்டு வைத்திருக்கமாட்டேன். கிராஸின் கார் வந்து நின்று கதவு திறந்ததும், யாருடைய கையும் தன்பாட்டில் எங்கேயும் போகுமுன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.